கொள்கலனும் மறைந்த உழைப்பும்: மென்பொருட் சார்புகள் பற்றிய ஒரு நோக்கு

1956 ஏப்பிரல் 26 ஆம் நாள், ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹியூஸ்ரன் நோக்கிப் புறப்பட்டது. கொள்கலன்வழிக் கப்பற் போக்குவரத்தின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பெட்டியினுள் இருப்பது யாது என அறியாமலே அதனைத் தூக்கவும் அடுக்கவும் இடம்மாற்றவும் முடிந்தமையே இம்முறையின் வெற்றியாகும். மூடை மூடையாகச் சுமையிறக்கிய துறைமுகத் தொழிலாளர் பல்லாயிரவர் அதனால் வேலையிழந்தனர். 2013 இல் வெளியான மென்பொருளொன்று இதே உவமையைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் டொக்கர் என்பதாகும். பிரித்தானிய ஆங்கில வழக்கில் இச்சொல் துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும். எவருடைய உழைப்பைப் பெட்டி அகற்றியதோ அவருடைய பெயரே பெட்டி கட்டும் கருவிக்கு வாய்த்துள்ளமை வெறும் முரண்நகை மட்டுமன்று. இக்கட்டுரையின் பொருளும் அதுவே.

மென்பொருள் எதுவும் தனித்து இயங்குவதில்லை. ஒருவர் எழுதும் நிரல், பிறர் எழுதிய நிரலகங்களைச் சார்ந்து நிற்கும். அந்நிரலகங்கள் வேறு நிரலகங்களைச் சாரும். இவ்வுறவையே துறைசார்ந்தோர் 'சார்பு' என்பர். ஒரு கணினியிற் செவ்வனே ஓடிய நிரல் பிறிதொன்றில் ஓடாதுபோவதற்குப் பெரும்பாலும் காரணம், இச்சார்புகளின் பதிப்புக்கள் ஈரிடத்தும் வேறுபடுவதே. கொள்கலப் படிமம் என்பது நிரலையும் அதற்கு வேண்டிய நிரலகங்களையும் கோப்புக்களையும் ஒருசேரக் கட்டிய பொதியாகும். லினக்ஸ் கருனி மாத்திரமே அப்பொதிக்குப் புறம்பானது. ஒரே கருனியின்மீது பல கொள்கலன்கள், ஒன்றையொன்று காணாதவாறு இயங்கும்.

இதனால் சார்புச் சிக்கல் தீர்ந்துவிட்டதெனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது தீரவில்லை, பெட்டிக்குள் இடம்மாறியுள்ளது. மனிதரிடையேயான உழைப்புறவுகள் பொருள்களிடையேயான உறவுகளாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் 1867 இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்திலே பண்டத்தின் மாயத்தன்மையாக விளக்கினார். கொள்கலப் படிமம் அத்தகைய தோற்றத்தின் தெளிவானதோர் எடுத்துக்காட்டு எனலாம். எனவே சார்புகளை முறையாக ஆளுதல் என்பது, மறைந்த உறவுகளை மீண்டும் கண்ணுக்குப் புலப்படச் செய்தலேயாகும்.

இதனை ஓர் உதாரணங்கொண்டு நோக்குவோம். பைதன் மொழியில் எழுதப்பட்டு, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கான கட்டளைக் கோப்பு முதலில் ஓர் அடிப்படைப் படிமத்தைக் குறிப்பிடும். அதன் மேல் ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடுக்கை இடும். அடிப்படையை 'லேட்டஸ்ட்' என்னும் குறிச்சீட்டாற் சுட்டுவது பலரது வழக்கம். ஆயின் குறிச்சீட்டென்பது பெயர் மட்டுமே. இன்று ஒரு படிமத்தையும் நாளை வேறொன்றையும் அது சுட்டக்கூடும். மாறாத அடையாளம் வேண்டுமெனின், உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் ஷா-256 என்னும் 64 இலக்கச் சுருக்கத்தாற் சுட்டுதல் வேண்டும். பைதன் நிரலகங்களுக்கும் இவ்விதி பொருந்தும். நேரடியாக வேண்டிய நிரலகங்களை மட்டுமன்றி, அவை சார்ந்துள்ளவற்றின் துல்லியமான பதிப்புக்களையும் பூட்டுக் கோப்பொன்றிற் பதிவுசெய்தல் வேண்டும்.

அடுத்து, தரவுத்தளத்துடன் பேசும் நிரலகத்தை மூலத்திலிருந்து கட்டுவதாயின் சீ மொழித் தொகுப்பியும் தலைப்புக் கோப்புக்களும் தேவை. கட்டி முடிந்தபின் இவை வேண்டியதில்லை. அவற்றைப் பின்னைய கட்டளையொன்றால் அழித்துவிடலாமெனத் தோன்றும். ஆயின் முன்னைய அடுக்கில் அவை அப்படியே கிடக்கும், பொதியின் எடையும் குறையாது. 2017 முதல் டொக்கரில் உள்ள பலநிலைக் கட்டுமான முறை இதற்குத் தீர்வாகும். முதல் நிலையிற் கட்டி, விளைபொருளை மாத்திரம் இரண்டாம் நிலைக்கு எடுத்துச்செல்லலாம். எனினும் இயங்கும்போது வேண்டிய தரவுத்தள இணைப்பு நிரலகம் இரண்டாம் நிலையிலும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். கட்டுவதற்குரிய சார்பு வேறு, இயங்குவதற்குரிய சார்பு வேறு என்ற வேறுபாட்டை உணராதார் இவ்விடத்தில் இடறுவர்.

சிறுமை கருதி அல்பைன் படிமத்தைத் தெரிவோருக்கும் இதுவே நிகழலாம். டெபியன் ஜீலிப்சீ என்னும் அடிப்படை நிரலகத்தைக் கொண்டது. அல்பைன் மசல் என்னும் வேறொன்றைக் கொண்டது. முன்னையதற்கெனத் தொகுக்கப்பட்ட பைதன் பொதிகள் பின்னையதிற் பொருந்தா.

பதிப்புக்களைப் பூட்டுவதால் ஒரே கட்டுமானத்தை மீளமீளப் பெறும் வாய்ப்பு ஏற்படுகின்றது. ஆனால் பூட்டும்போது குற்றங்குறைகளும் பூட்டப்படுகின்றன. கட்டளையின் சொற்கள் மாறாதவரை, வெளியே திருத்தங்கள் வந்திருப்பினும் டொக்கர் சேமித்து வைத்த பழைய அடுக்கையே எடுத்துக்கொள்ளும். பூட்டாவிடின் நிச்சயமின்மை, பூட்டிவிட்டு மறந்தாற் சீர்கேடு. இம்முரண்பாட்டை ஒருபக்கஞ் சாய்ந்து தீர்த்தல் இயலாது. பூட்டுதலும், குறித்த கால இடைவெளியில் அறிந்தே திறந்து புதுப்பித்துச் சோதித்து மீளப் பூட்டுதலும் ஒரே நடைமுறையின் இரு கூறுகளாதல் வேண்டும்.

இவையெல்லாம் நுட்ப விடயங்களே எனின், மூன்று நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் தகும். 2016 மார்ச்சில், லெஃப்ற்-பாட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர், நிறுவனமொன்றுடன் ஏற்பட்ட பெயர்த் தகராறின் விளைவாக, என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கினார். எண்ணற்ற கட்டுமானங்கள் முறிந்தன. களஞ்சியத்தார் சில மணி நேரத்தில் அதனை மீள வைத்தனர். 2021 டிசெம்பரில் லொக்-ஃபோர்-ஜே என்னும் ஜாவா நிரலகத்திற் பாரதூரமான ஓட்டை வெளிப்பட்டது. அதனைப் பராமரித்தோர் தன்னார்வத் தொண்டர். பயன்படுத்தியோருட் பெருநிறுவனங்கள் பல. பொதிக்குள் பொதியாக அது எங்கெங்கே கிடக்கின்றது என்பதே அவை முதலில் விடை தேடவேண்டியிருந்த வினா.

2024 மார்ச் 29 இல் வெளியானது இன்னும் ஆழமானது. எக்ஸ்-இசற் என்னும் கோப்புச் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களிற் பின்வாசல் ஒன்று பொதிந்திருந்தது. தொலைநிலைப் புகுகை ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதை ஐயுற்று ஆராய்ந்த அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டுபிடித்தார். பல்லாண்டுகள் அந்நிரலகத்தைத் தனியொருவராக, ஊதியமின்றிப் பேணிவந்தவர் களைத்திருந்த வேளையில், உதவ வந்தவராகத் தோன்றிய ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையை ஈட்டி உட்புகுந்திருந்தார். தாக்கப்பட்டது நிரலன்று, களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமையே தாக்கப்பட்டது. அப்பின்வாசலைக் கொண்ட டெபியன் படிமங்கள் சில, டொக்கரின் பொதுக் களஞ்சியத்தில் 2025 ஆகஸ்டிலும் கிடந்தமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். வெளியே திருத்தப்பட்ட வரலாறு பெட்டியினுள் உறைந்து கிடந்தது.

இத்தகைய அநுபவங்களின் பின்னணியிலேயே மென்பொருளின் உள்ளடக்கப் பட்டியல் வற்புறுத்தப்படலாயிற்று. அமெரிக்க அரசின் 2021 மே மாத நிறைவேற்று ஆணை அதனை அரச கொள்வனவுடன் தொடர்புபடுத்தியது. ஒவ்வொரு படிமத்துடனும் இத்தகைய பட்டியலை உருவாக்கிப் பேணுவது இன்றியமையாதது. அடுத்த ஓட்டை வெளிப்படும் நாளில், தேடவேண்டிய இடத்தை அதுவே காட்டும். எனினும் அப்பட்டியல் பொருள்களின் பட்டியல். பெயரும் பதிப்பும் அதில் உள; அப்பொருளைப் பேணுவோர் எத்தனை பேர், எந்நிலையில் உழைக்கின்றனர், எவர் அவர்களுக்கு உணவளிக்கின்றார் என்பன அதில் இல்லை. பல்கலைக்கழகங்களும் அரச திணைக்களங்களும் தமது படிமங்களைக் கட்டுகையில் இவ்வினாக்களையும் பட்டியலிற் சேர்ப்பின், எந்தச் சார்பை விலக்குவது, எதற்குப் பணமும் ஆள்வலுவும் அளிப்பது என்பதைத் தீர்மானிக்க இயலும். கூட்டுழைப்பின் பயனை எல்லாரும் நுகர்ந்து, அதன் சுமையை மட்டும் தனியொருவர்மீது ஏற்றும் ஒழுங்கமைப்பு நீடிக்கும்வரை, பூட்டுக் கோப்பு எவ்வளவு துல்லியமாயிருப்பினும் பெட்டி பாதுகாப்பானதாகாது.