வேஷ உடைக்குள் உடல் ஏன் கொதிக்கிறது?

1 கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். தலை முதல் கால்வரை மூடிய பொம்மை உடைக்குள் ஈரக்காற்று தேங்குவதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. நீரும் உப்பும் போகும், சூடு போகாது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மாறாக, உத்திரமேரூர் பக்கத்துக் கட்டைக்கூத்து என்னும் மரபு நாடகத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் கனமில்லாத மரத்தில் செய்யப்படுகின்றன. முகத்துக்கு அரிதாரம் மட்டுமே. ஆட்டமும் பெரும்பாலும் இரவில். அருமையான ஏற்பாடு இது. ஆனால் 2022 மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடின் சின்னமான ‘தம்பி’ குதிரை போன்ற உடைகளில் முகமும் மூடப்படுகிறது. ஆகவே முன்கூட்டியே தண்ணீரும் மோரும், அடிக்கடி உடையின் தலைப்பகுதியைக் கழற்றி நிழலில் ஓய்வும், பார்வை குறுகுவதால் கைபிடித்து நடத்த ஒரு துணையும் கட்டாயம். தலை சுற்றினால் உடையைக் கழற்றி, உடலை நனைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள்.