ஒற்றை நாற்றின் பெருமை

நம் வீட்டுக்கு வரும் விருந்தினரைப் பார்த்து, "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்கிறோம். சாப்பாடு என்று நாம் சொன்னால் அதற்குச் சோறு என்றுதான் பொருள். எத்தனை பலகாரம் தின்றாலும், சோறு இலையில் விழவில்லையென்றால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. நம்மைப் போலவே எண்ணுகிற ஜனங்கள் இந்துமகா சமுத்திரத்தின் மறுகோடியிலும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவின் பாஷையில், உணவு கொள்ளுவதற்கு வழங்கும் சொல்லின் நேர்ப்பொருள் "அரிசி உண்ணுதல்" என்பதே. காலை, மத்தியானம், இரவு ஆகிய மூன்று வேளையும் அவர்களுக்குச் சோறுதான்.

ஆனால் சோற்றின்மீது இவ்வளவு பிரியமுள்ள அந்த நாட்டில், அதை விளைவிக்கும் குடியானவன் வீட்டிலேயே அறுவடைக்கு முந்திய மாதங்களில் பானை காலியாகிவிடும். ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், 2 டன் நெல் கண்டால் போதும் என்பதே பல இடங்களில் நிலைமை. வயலில் விளைவு போதாதபோது மக்கள் மலைச்சரிவுக் காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் நெல் விதைப்பார்கள். இரண்டொரு போகத்தில் மண்ணின் சாரம் போய்விடும். பிறகு அடுத்த காட்டுக்குத் தீ. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத மரங்களும் பிராணிகளும் இவ்வாறு ஒரு கவளம் சோற்றுக்காக அழிந்துவந்தன.

இந்தத் தீவுக்கு 1961-ஆம் ஆண்டில் ஆன்ரி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். துறவு பூணுவதற்கு முன் விவசாய சாஸ்திரம் படித்தவர். ஏழைக் குடியானவனுக்கு உரம் வாங்கப் பணம் கிடையாது. உயர்ந்த விதை வாங்கவும் வழியில்லை. கையிலுள்ள நிலம், நீர், விதை, உழைப்பு ஆகியவற்றைக்கொண்டே விளைவைப் பெருக்க வேண்டும். ஆகையால் பாதிரியார் உபதேசம் செய்வதை விட்டு, வயல் வரப்புகளில் நடந்து, உழவர்கள் செய்வதைக் கவனித்தார். ஓரிடத்தில் சிலர் முடி முடியாக நடாமல் ஒற்றை நாற்றாக நட்டார்கள். வேறோரிடத்தில் சிலர் எப்போதும் நீரைத் தேக்கிவைக்காமல் இடையிடையே வயலைக் காயவிட்டார்கள். இவற்றையெல்லாம் பாதிரியார் சேர்த்துவைத்துப் பரீட்சை செய்தார்.

1983-ஆம் ஆண்டில் சந்தர்ப்பமும் துணை செய்தது. ஆன்ட்சிராபே என்ற ஊரில் அவர் நடத்திய விவசாயப் பள்ளியின் மாணவர்கள், பருவத்தின் நெருக்கடியினால், பதினைந்தே நாள் வயதுள்ள நாற்றுகளைப் பறித்து நட நேர்ந்தது. வழக்கம் ஒரு மாதத்து நாற்று. இந்தக் குழந்தை நாற்றுகள் எங்கே பிழைக்கப்போகின்றன என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் அவை பிழைத்ததோடு, கிளைத்துத் தூர்கட்டிப் புதராக எழுந்து நின்றன!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நெற்பயிர் இளமையிலேயே இடம் மாறினால் வேர் நோகாமல் ஊன்றிக்கொள்கிறது. கிளைக்கும் சக்தி முழுவதும் அதனிடம் மிஞ்சியிருக்கிறது. ஒரே குழியில் நாலைந்து நாற்றுகளை நட்டால், ஒரே இலையில் நாலைந்து பேர் சாப்பிட உட்கார்ந்த கதைதான். ஒருவருக்கும் வயிறு நிறையாது. தனித்தனியாக, நாற்புறமும் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டால், ஒவ்வொன்றுக்கும் வெயிலும் காற்றும் மண்ணும் தாராளமாகக் கிடைக்கின்றன. மேலும் நெல் நீரில் நிற்கச் சகிக்கும் பயிரேயன்றி, தாமரையைப் போல நீரிலேயே வாழப் பிறந்ததன்று. ஓயாமல் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி நலிகிறது. மயிரிழை போல மண்ணில் வெடிப்புக் காணும்போது நீர் பாய்ச்சினால் போதுமானது. களையைப் பிடுங்கி எறிவதற்குப் பதில், வரிசைகளுக்கிடையே உருளும் கருவியினால் மண்ணோடு புரட்டிவிட்டால், களை எருவாகிறது. வேருக்குக் காற்றும் கிடைக்கிறது.

1990-ஆம் ஆண்டில் பாதிரியாரும் அவருடைய நண்பர்களும் இந்த முறையைப் பரப்ப ஒரு சங்கம் நிறுவினார்கள். அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த நார்மன் அப்ஹாஃப் என்ற பேராசிரியர் முதலில் இதை நம்பவில்லை. ரானோமஃபானா என்ற வனப்பகுதியை அடுத்த கிராமங்களில், 2 டன் கண்ட குடியானவர்கள் சராசரி 8 டன் காண்பதை வருஷா வருஷம் பார்த்த பின்னர்தான் நம்பினார். அதன்பின் அவரே இதைத் தேசம் தேசமாக எடுத்துச் சென்றார். கம்போடியாவில் இதைக் குடியானவர்களிடையே பரப்பிய யாங் சைங் கோமாவுக்கு 2012-ஆம் ஆண்டில் மகசேசே பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டுக்கும் இது வந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2000-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி தொடங்கி, 2003-04-இல் தாமிரபரணி, காவிரிப் பாசன உழவர்களின் வயல்களிலேயே நட்டுக் காட்டினார்கள். அரசாங்கம் "திருந்திய நெல் சாகுபடி" என்று பெயரிட்டது. ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை வேண்டிய இடத்தில் 3 கிலோ போதுமென்றால், எந்தக் குடும்பத் தலைவிக்கும் கணக்கு விளங்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒற்றை நாற்று நடவு நம் தமிழ் மண்ணில் கையாளப்பட்டிருக்கிறது. நாம் மறந்துவிட்ட சொத்தைக் கடல் கடந்து வந்து ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது!

ஆயினும் நட்ட முதல் வாரம் அந்த வயலைப் பார்க்கத் துணிச்சல் வேண்டும். அண்டை வயல் பச்சைப்பசேலென்றிருக்கும்; இதிலோ சேறுதான் தெரியும். போவோர் வருவோரெல்லாம் கேலி செய்வார்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள், "இந்த வருஷம் பட்டினிதான்" என்பார்கள். ஒரு மாதம் பொறுத்திருந்தவனுக்கே பயிர் பதில் சொல்லும்.

அப்படியானால் உலகத்து உழவர்களெல்லாம் ஏன் இதைக் கைக்கொள்ளவில்லை? மடகாஸ்கரிலேயே தொடங்கியவர்களில் பலர் சில ஆண்டுகளில் விட்டுவிட்டார்கள். இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லுவது அநியாயம். இம்முறையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வேலை அதிகம். அந்த மாதங்களில்தான் ஏழை வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும். அவன் பிறர் வயலில் கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். தன் வயலில் உழைத்தால் நாலு மாதம் கழித்து நெல் வரும். ஆனால் பிள்ளைகள் இன்று இரவே பசிக்கிறது என்கிறார்களே! யாருக்காகப் பாதிரியார் இதைக் கண்டாரோ, அவர்களுக்கே இது எட்டாமற்போனது வருந்தத்தக்கது.

நீரைப் பற்றிய தொல்லையும் உண்டு. தன் விருப்பப்படி நீரை விடவும் வடிக்கவும் முடிந்தவனுக்கே இது எளிது. கடைமடை வயலுக்கு நீர் வந்தபோதுதான் வந்தது. நம் ஊர்களில் களையெடுப்புப் பெண்களின் ஜீவனம். உருளைக் கருவி வந்த இடங்களில் அது ஆண்கள் கைக்குப் போயிற்று. பெண்களின் கூலி குறைந்தது. விஞ்ஞானிகளும் ஒருமுகமாக இல்லை. சிலர் சொன்ன அபாரமான விளைச்சல் கணக்குகளை வேறு சிலர் 2004-ஆம் ஆண்டில் கடுமையாக மறுத்து எழுதினார்கள். நல்ல முறையில் ஏற்கெனவே பயிரிடுகிறவனுக்கு இதனால் மேலும் எவ்வளவு கிடைக்கும் என்பதே அவர்கள் கேள்வி.

இவ்வளவு இருந்தும், குறைந்த நீரும் குறைந்த விதையும் கொண்டு பயிர் செய்யலாம் என்று காட்டியது சிறிய காரியமன்று. ஆற்றில் நீர் வரும் நாள் நிச்சயமில்லாத நமக்கு அது பெரிய காரியமேயாகும். இதை ஏழைக்கும் எட்டச் செய்ய வேண்டுமானால், நடவு மாதங்களில் வட்டியில்லாக் கடனோ தானியமோ அவனுக்குக் கிடைக்க வேண்டும். பெண்கள் எளிதில் தள்ளக்கூடிய லேசான கருவி அமைய வேண்டும். கடைமடைக்கும் முறைப்படி நீர் வர வேண்டும். இவை உழவன் தனியே செய்யக்கூடியவை அல்ல.

பாதிரியார் 1995-ஆம் ஆண்டில் காலமானார். அவர் சேர்ந்து அமைத்த சங்கத்தின் பெயருக்கு, அந்நாட்டுப் பாஷையில் "மனத்தைச் செம்மைப்படுத்துதல்" என்று பொருளாம். செம்மைப்படவேண்டிய மனம் உழவனுடையது மட்டுமல்ல. அவன் விளைத்ததை உண்ணும் நம்முடையதுந்தான்.