லண்டனில் நடராஜா சர்வீஸ்!

லண்டனைச் சுற்றிப் பார்க்க மடி நிறையப் பணம் வேண்டுமா? வேண்டாம், கால் இருந்தால் போதும் என்கிறார் லீட்ஸ் நகரில் படிக்கும் இந்திய மாணவர் ஒருவர்.

ஒருநாள் லீவு. திரும்பிப் போக பஸ் டிக்கெட் எடுத்தாச்சு. பையில் மீதி 10 பவுண்டுதான்!

காலையில் பிரிட்டிஷ் மியூசியம். 1759-ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. எகிப்தின் ரொசெட்டா கல்லைப் பார்த்தார். அடுத்து அமராவதிச் சிற்பங்கள். நம் நாட்டுச் சிற்பத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கே என்று பெருமூச்சு விட்டார்.

அங்கிருந்து டிரபால்கர் சதுக்கம். சுமார் 170 அடி உயரத்தில் நெல்சன் நிற்கிறார். படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார்.

பிறகு 'பிக் பென்'. அது கோபுரத்தின் பெயர் அல்ல, உள்ளே தொங்கும் மணியின் பெயர். எடை 13 டன்னுக்கு மேல்!

மாலையில் கால் கெஞ்சியது. ரெயில் ஏறிவிடலாமா?

எதிரே பாராளுமன்றச் சதுக்கத்தில் காந்தி சிலை. 2015-ல் வைத்தது. 1888-ல் இதே ஊருக்குச் சட்டம் படிக்க வந்தவர் காந்தி. வண்டிச் செலவை மிச்சப்படுத்த தினமும் 8, 10 மைல் நடந்தவர்!

மாணவர் அண்ணாந்து பார்த்தார். பஸ் நிலையத்துக்கும் நடையைக் கட்டினார்.