கணினியிற் கேட்கும் இசை

நாதசுரக் கச்சேரியைக் கோயில் வீதியில் நின்று கேட்பதற்கும் அதன் ஒலிப்பதிவை வீட்டிற் கேட்பதற்கும் வேற்றுமை உண்டு என்பதை யாவரும் அறிவர். ஆனால், ஒரே ஒலிப்பதிவு ஒரு வீட்டில் உயிரோடும் மற்றொரு வீட்டில் உயிரின்றியும் ஒலிப்பது ஏன் என்று வினவுவோர் சிலரே. முன்னாளிற் கிராமபோனும் வானொலிப் பெட்டியும் வகித்த இடத்தை இன்று பல வீடுகளிற் கணினி பெற்றுவிட்டது. அதிலிருந்து வரும் இசை தகரத்தில் தட்டியது போல ஒலிக்குமாயின், பலர் உடனே புதிய ஒலிபெருக்கி வாங்கக் கடைக்கு விரைகின்றனர். குறை எங்கே நேர்ந்தது என்று ஆராயாது பணத்தைச் செலவிடுவது, நோயை அறியாது மருந்துண்பதற்கு ஒப்பாகும்.

கணினியிலிருந்து காதை அடையும் வழியில் இசை நான்கு கட்டங்களைக் கடக்கின்றது. முதலாவது, இசை எண்களாக அடங்கியிருக்கும் கோப்பு. இரண்டாவது, அவ்வெண்களை மின்னலைகளாக மாற்றும் கருவி. மூன்றாவது, ஒலிபெருக்கி. நான்காவது, கேட்பவர் அமர்ந்திருக்கும் அறை. கிணற்றிலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் வாய்க்காலின் தலைப்பில் ஒழுகிப்போன நீரைக் கடைசிப் பாத்தியில் நின்று மீட்க முடியாது. இசைக்கும் இதுவே விதி. முதற் கட்டத்தில் இழந்ததைப் பின்வரும் எந்தக் கருவியும் திருப்பித் தராது.

ஆகவே, முதலிற் கோப்பை நோக்குதல் வேண்டும். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இறுவட்டில், ஒலியலையின் உயரம் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு எண்ணாகப் பதியப்படுகின்றது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே உணரவல்லது. ஓர் அலையைச் சரிவரப் பதிவதற்கு அதன் அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் போதும். ஆதலின், இறுவட்டின் அளவு செவிக்குப் போதுமானதே. ஆயினும், அதன் எண்களின் பெருக்கு செக்கனுக்கு 1,411 கிலோபிட் ஆகும். இதனைச் சுருக்குவதற்கு எழுந்த முறைகளுள் எம்.பி.3 என்பது மிகப் புகழ் பெற்றது. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிலையத்தாரின் உழைப்பு அதிற் பெரும் பங்கு வகித்தது. 128 கிலோபிட் அளவில் அமைந்த எம்.பி.3 கோப்பு, இறுவட்டிலுள்ளதன் பதினொன்றில் ஒரு பங்கே.

எஞ்சிய பத்துப் பங்கும் எங்கே போயின? உரத்த ஒலியொன்று எழும்போது அதனை அடுத்துள்ள மெல்லிய ஒலிகளைச் செவி உணர்வதில்லை. செவியின் இவ்வியல்பை அறிந்து, அது தவறவிடக்கூடியவற்றைக் கணக்கிட்டு நீக்குவதே இம்முறையின் அடிப்படை. 256, 320 கிலோபிட் அளவுகளில் வேற்றுமையைக் கண்டறிவது பெரும்பாலோர்க்கு அரிது. அளவு மிகக் குறையும்போதே இடர் தோன்றுகின்றது.

தவில் வாசிப்பை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டு மறைந்தார். அவரை நேரிற் கேளாத தலைமுறைக்கு எஞ்சியிருப்பவை பழைய ஒலிப்பதிவுகளே. தவிலின் ஒருபுறத்தில் கூடணிந்த விரல்களும் மறுபுறத்திற் கழியும் எழுப்பும் அடி, நிசப்தத்தைப் பிளந்துகொண்டு திடீரென எழுவது. எம்.பி.3 முறையோ ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகின்றது. ஒரு துண்டு செக்கனின் 38இல் ஒரு பங்கு அளவினது. சுருக்கத்தால் விளையும் பிழை அத்துண்டில் அடிக்கு முன்னரும் பரவுகின்றது. இதனைத் தடுக்கும் உபாயங்கள் அம்முறையில் உண்டெனினும், குறைந்த அளவுகளில் அவை முற்றும் பயன் தருவதில்லை. அடி விழுமுன்னரே மெல்லிய சலசலப்பொன்று தோன்றி, அடியின் கூர்மை மழுங்கிப்போகின்றது. கைவிரைவைக் கேட்கலாம், அடியின் தெளிவைக் கேட்க முடியாது.

எதனையும் நீக்காது சுருக்கும் முறைகளும் உள. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஃபிளாக் அவற்றுள் ஒன்று. கோப்பின் பருமன் பெரும்பாலும் பாதியளவாகக் குறையும். திறக்கும்போது ஒவ்வோர் எண்ணும் மாறாது திரும்பக் கிடைக்கும். ஆனால், சிதைந்த எம்.பி.3 கோப்பை ஃபிளாக்காக மாற்றுவதாற் பயனில்லை, சிதைவே பத்திரப்படுத்தப்படும். ஆகவே, வீட்டிலுள்ள பழைய நாடாக்களையும் இசைத்தட்டுகளையும் கணினியிற் பதிவோர், நீக்கமில்லா முறையிலேயே முதற் பிரதியைச் செய்தல் வேண்டும். கைத்தொலைபேசிக்கு வேண்டிய சிறு பிரதியைப் பின்னர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிரதி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடுவது பெருந்தவறு.

இரண்டாவது கட்டம் எண்களை மின்னலையாக்கும் கருவி. இது கணினியின் உள்ளேயே உண்டு. பெரும்பாலும் நன்றாகவே இயங்கும். எனினும், சில கணினிகளில் உள்ளுறுப்புகளின் மின்சலனம் இசையோடு கலந்து இரைச்சலாகக் கேட்கும். அவ்வாறாயின், யூ.எஸ்.பி. வழியாக வெளியே இணைக்கும் மாற்றுக்கருவி ஒன்று பயன்படும். அதிக விலையுள்ளது வேண்டியதில்லை. இரைச்சல் இல்லாதவிடத்து அதுவும் வேண்டியதில்லை. ஒலியை மெருகூட்டுவதாகக் கூறும் கணினியின் அமைப்புகளை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்ப்பதும் நன்று. ஒலிபெருக்கியில் இடைவிடாத முரலோசை கேட்குமாயின், கணினியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்செருகியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். முரலோசையைப் போக்குவதற்காக நிலத்தொடுப்புக் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவதும் நான்காவதுமான கட்டங்களிற் செலவின்றியே பெரும் பயன் பெறலாம். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியால் தாழ்ந்த சுருதிக்கு வேண்டிய காற்றை அசைக்க இயலாது; மிருதங்கத்தின் தொப்பி ஒலி அதிலே தேய்ந்துவிடும். தனி ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகள் போல அமைதல் நன்று. உயர்ந்த சுருதிகள் பெரிதும் நேராகவே செல்வதால், அவற்றை எழுப்பும் சிறு கூம்பு செவியின் உயரத்தில் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியை அறையின் மூலையில் ஒதுக்கினால் தாழ்ந்த ஒலி மிகைத்து, குரலை மூடும். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் ஒலி எதிரொலித்துச் சொற்கள் குழம்பும். தரையில் விரிப்பும் யன்னலில் தடித்த திரையும் சுவரோரத்திற் புத்தக அலுமாரியும் அக்குழப்பத்தைத் தணிக்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இரு கருவிகளை ஒப்பிடும்போது, சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்தது என மயங்கும். விற்பனையாளர் சிலர்க்கு இது நன்கு தெரியும். ஒலியின் உரப்பைச் சமமாக்கி, எது ஒலிக்கின்றது என்று அறியாவண்ணம் பிறரொருவரைக் கொண்டு மாற்றச் செய்து கேட்பதே நேர்மையான சோதனை. விலையுயர்ந்த இணைப்புக் கம்பிகளுட் பல இச்சோதனையில் தேறுவதில்லை.

ஆகவே, முதலிற் கோப்பு. அடுத்து ஒலிபெருக்கியின் இடமும் அறையும். அதன் பின்னரே கடை. ஒலிபெருக்கியை நாளையும் வாங்கலாம். அறையை அடுத்த ஆண்டும் திருத்தலாம். மறைந்த கலைஞரின் ஒலிப்பதிவைச் சிதைத்துப் பிரதி செய்து மூலத்தையும் எறிந்துவிட்டால், அதனை மீண்டும் பதிவு செய்ய அவரை எங்கே தேடுவது?