கர் நாயும் காட்டுப்பன்றியும்

ஆங்கில அகராதியில் 'கர்' என்னும் சொல்லுக்குப் பொருள் தேடிப் பாருங்கள். 'கலப்பின நாய், இழிந்த நாய், கோழை' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஒருவரைத் திட்டுவதற்கும் அச்சொல் பயன்படுவதுண்டு. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களான லூசியானாவிலோ டெக்சாசிலோ ஓர் உழவரிடம், "உங்களுடையது கர் நாயா?" என்று கேட்டால் அவர் முகம் மலரும். அங்கே கர் என்பது அழகுப் போட்டிக்காக வளர்க்கப்படாமல், வேலைக்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயின் பெயர். கட்டஹூலா, கருவாய்க் கர், மலைக் கர், நீல லேசி என்று இவற்றில் பல வகைகள் உண்டு. கட்டஹூலாவை லூசியானா 1979இல் தன் மாநில நாயாக அறிவித்தது. டெக்சாஸ் 2005இல் நீல லேசிக்கு அதே சிறப்பை அளித்தது.

இந்நாய்களின் வேலை என்ன? காட்டுப்பன்றியைத் தேடிப் பிடித்து நிறுத்துவது.

அமெரிக்கக் கண்டத்திற்குப் பன்றி சொந்த விலங்கு அன்று. 1539இல் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் கரையிறங்கியபோது, படைவீரர்களின் உணவுக்காகப் பன்றிகளையும் ஓட்டி வந்தார். பிற்காலத்தில் குடியேறிய உழவர்களும் பன்றிகளுக்குக் காது வெட்டி அடையாளமிட்டுக் காட்டில் மேயவிட்டனர். தப்பியவை காட்டிலேயே பெருகின. 1912இல் வட கரோலினா மலைப்பகுதியில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் கொண்டுவந்தார்கள். அவையும் வேலியை உடைத்து வெளியேறி, வீட்டுப்பன்றியின் வழித்தோன்றல்களோடு கலந்தன. இன்று அந்நாட்டில் 60 இலட்சம் அளவுக்கு இப்பன்றிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் இவை விளைவிக்கும் சேதம் 150 கோடி டாலருக்கு மேல். ஒரே இரவில் மக்காச்சோள வயலை உழுதது போல் ஆக்கிவிடும்.

மேயவிட்ட பன்றிகளைத் திரும்பப் பட்டிக்குக் கொண்டுவருவதுதான் கர் நாய்களின் பழைய தொழில். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பன்றியை ஆடு போலப் பின்னாலிருந்து ஓட்ட முடியாது. நாய் முன்னே நின்று குரைத்துச் சீண்டும். பன்றிகள் சினந்து கூட்டமாகத் துரத்தும். நாய் பின்வாங்கிக்கொண்டே திறந்திருக்கும் பட்டிக்குள் ஓடி, மறுபக்கம் தாவிவிடும். துரத்தியவை பட்டியில் சிக்கிக்கொள்ளும்! இன்றைய வேட்டையிலும் அதே குணந்தான் பயன்படுகிறது. கர் நாய் பன்றியைக் கண்டுபிடித்து, சுற்றிச் சுற்றிக் குரைத்து, வேட்டைக்காரர் வரும்வரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும். பாய்ந்து கவ்விப் பிடிப்பதற்கு வேறு நாய் உண்டு. அது கனத்த உடலுடைய புல்டாக் வகை. குரைத்து நிறுத்தும் நாயையும் கவ்வும் நாயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எந்த நாய் நல்ல நாய்?

முதலில் மோப்பம். அடுத்து, மோப்பம் பிடித்துச் செல்லும்போது வாயை மூடிக்கொண்டு போகவேண்டும். ஹவுண்டு வகை நாய்கள் தடம் கிடைத்தவுடனேயே ஊளையிட்டுக்கொண்டு ஓடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பன்றி அதைக் கேட்டுக் கம்பி நீட்டிவிடும். கர் நாய் பெரும்பாலும் பன்றியை நேரில் கண்ட பிறகே குரல் கொடுக்கும்.

மூன்றாவது பண்பு துணிவு. இதில்தான் சூட்சுமம். துணிவு குறைந்த நாய் எட்ட நின்று குரைக்கும். பன்றி அதைப் பொருட்படுத்தாமல் போய்விடும். துணிவு மிகுந்த நாயோ அருகே நெருங்கிக் கடிக்கும். அதன் ஆயுள் குறைவு. ஆண் பன்றியின் கீழ்க் கோரைப்பல் மேற்பல்லோடு உராய்ந்து உராய்ந்து கத்தி போல் கூர்மையாகவே இருக்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படித்திருக்கிறீர்கள். பல் விளிம்பின் பரப்பு மிகச் சிறிது. ஆகவே பன்றி தலையை ஒருமுறை மேல்நோக்கி வெட்டினாலே தோலும் தசையும் கிழியும். இதற்காகவே நாய்களுக்குக் கெவ்லார் போன்ற வலுவான இழைகளால் நெய்த மேலாடை அணிவிக்கிறார்கள். ஆகவே துணிவைப் பொறுத்தவரை, வளர்ப்பவர் தேடுவது மிகுதியான அளவை அன்று, நடுவான அளவை. பாலை மிகுதியாகத் தரும் பசுவைத் தேர்ந்தெடுப்பதைவிட இது கடினம்.

நான்காவது குரல். ஒரு கணக்குப் போடுவோம். நாயின் குரைப்பு 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் என வைத்துக்கொள்ளுங்கள். தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறையும். பத்து மடங்கானால் 20 குறையும். 1000 மீட்டரில் 60 குறைந்து, மிஞ்சுவது 40 டெசிபெல், அதாவது அமைதியான அறையில் உள்ள ஓசை அளவு. இதிலும் இலைகளும் காற்றும் தம் பங்கை உறிஞ்சிவிடும். உயர்ந்த அதிர்வெண் ஒலி அதிகமாகவும், தாழ்ந்த ஒலி குறைவாகவும் உறிஞ்சப்படும். அடித்தொண்டையில் குரைக்கும் நாயைப் பழைய வேட்டைக்காரர்கள் விரும்பியதில் இயற்பியல் இருக்கிறது! இப்போது கழுத்துப் பட்டையில் செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவியைக் கட்டிவிடுகிறார்கள். அது சுமார் 150 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் நாயின் இருப்பிடத்தைத் தெரிவிக்கும். அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். செல்பேசி அலைகளைவிட நீளம் என்பதால் மரஞ்செடிகளூடே நன்றாகச் செல்லும்.

சிறந்ததோடு சிறந்தது?

'சிறந்த கடுவனையும் சிறந்த பெட்டையையும் சேர். குட்டிகள் சிறந்தவையாகும்' என்பது நாய் வளர்ப்போரின் பழைய நம்பிக்கை. எவ்வளவு உண்மை? மரபியலார் இதற்கு ஓர் எளிய சமன்பாடு வைத்திருக்கிறார்கள்: தலைமுறையில் கிடைக்கும் முன்னேற்றம் = மரபுவழிமை × தேர்வு வேறுபாடு. மரபுவழிமை என்பது, நாய்க்கு நாய் காணும் வேறுபாட்டில் பெற்றோரிடமிருந்து குட்டிக்கு இறங்கக்கூடிய பங்கு. வேட்டைத் திறன்களுக்கு இம்மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 0.2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டத்தின் சராசரித் திறன் 10க்கு 5. நாம் தேர்ந்த பெற்றோரின் சராசரி 8. வேறுபாடு 3. முன்னேற்றம் 3 × 0.2 = 0.6. குட்டிகளின் சராசரி 5.6தான், 8 அன்று! ஒரே ஈற்றில் அதற்கு மேலும் கீழுமாகக் குட்டிகள் பரவியிருக்கும்.

மிஞ்சிய வேறுபாட்டில் பெரும்பகுதி வளர்ப்பு, பயிற்சி, தற்செயல் ஆகியவற்றின் செயல். ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஐந்து நாய் இனங்களை 13 ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். குட்டி பிறந்து 3 முதல் 12 வாரம் வரை மனிதரோடும் பிற நாய்களோடும் பழகக் கிடைக்கும் வாய்ப்பு அதன் வாழ்நாள் குணத்தையே உருவாக்குவதை அவர்கள் காட்டினர். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு 18,000க்கு மேற்பட்ட நாய்களின் தகவல்களைத் திரட்டியது. நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 விழுக்காடே என்றது அது. அவற்றுள் மிகப்பல வீட்டு நாய்கள் என்பதால், வேலை நாய்களுக்கு இவ்வெண்ணை அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் சான்றிதழைப் பார்த்து நாயை வாங்குவதைவிட, அதன் தாயும் தந்தையும் உடன்பிறப்புகளும் காட்டில் என்ன செய்கின்றன என்று போய்ப் பார்ப்பதே அறிவுடைமை.

அவசரக்காரர்கள் வேறு வழி தேடுவார்கள். ஒரு சிறந்த நாய் கிடைத்தால், அதன் குட்டிகளையே தமக்குள் சேர்ப்பது. உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் குட்டியின் ஜீன் இணைகளில் சராசரியாக 25 விழுக்காடு, ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரட்டைப் படிகளாகிவிடும். நல்ல குணம் நிலைபெறலாம். ஒற்றைப் படியாக மறைந்து கிடந்த குறையும் அப்போதுதான் வெளிப்படும்.

புள்ளித்தோலின் விலை

கட்டஹூலா நாய்களில் பலவற்றின் தோல் சிறுத்தை போல் சாம்பலும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். கண் ஒன்று கண்ணாடி போல் நீலமாகவும் இருக்கலாம். இந்த அழகுக்கு 'மெர்ல்' என்று பெயர். 2006இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தனர்: நிறமி உண்டாக்குவதில் பங்குகொள்ளும் ஒரு ஜீனுக்குள் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு நுழைந்திருக்கிறது.

புள்ளி ஜீனை 'பு' என்றும் இயல்பான ஜீனை 'இ' என்றும் குறிப்போம். புள்ளி நாய் 'புஇ'. இரண்டு புள்ளி நாய்களைச் சேர்த்தால், மெண்டலின் கணக்குப்படி நாலில் ஒன்று இஇ, இரண்டு புஇ, ஒன்று புபு. அந்தப் புபு குட்டியில்தான் ஆபத்து. பெரும்பாலும் வெண்மை மிகுந்திருக்கும். கண் சிறுத்துப் பிறக்கலாம். காது கேளாமலும் போகலாம். லூசியானா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்ட்ரெயினும் உடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், புபு நாய்களில் 25 விழுக்காடு ஒரு காதிலோ இரண்டிலுமோ செவிடாக இருந்தன. புஇ நாய்களில் இது 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

தோல் நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? உட்செவியில் ஒரு மெல்லிய திசுப்பட்டை இருக்கிறது. அது பொட்டாசியம் அயனிகளை இடைவிடாமல் இறைத்து, செவித் திரவத்தைச் சுமார் 80 மில்லிவோல்ட் நேர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. காதுக்குள் ஒரு மின்கலம் என்றே சொல்லலாம். ஒலியை உணரும் மயிர்செல்கள் இந்த மின்னழுத்தத்தைக் கொண்டே இயங்குகின்றன. அப்பட்டை வேலை செய்ய நிறமிச் செல்கள் தேவை. அவை அங்கே போய்ச் சேரவில்லையெனில் மின்கலம் தீர்ந்துவிடும். பிறந்த சில வாரங்களில் மயிர்செல்கள் அழிந்துவிடும், பிறகு மீளாது. நம் இராசபாளையம் நாயின் வெள்ளைத் தோலோடும் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவதை வளர்ப்போர் அறிவர்.

ஒரு காது மட்டும் கேளாத நாயை வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. கூப்பிட்டால் வரும். ஆனால் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. நாயின் இரு காதுகளுக்கிடையே 15 செ.மீ. என்றால், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு காதுகளையும் சேர்வதில் உள்ள கால வேறுபாடு 0.15 ÷ 340, அதாவது ஒரு நொடியின் 2000இல் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்த நுண்ணிய வேறுபாட்டிலிருந்தே மூளை திசையை அறிகிறது. புதருக்குள் பன்றி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறியாத நாயின் கதி என்ன? ஐந்து வாரக் குட்டியின் தலைத்தோலில் மெல்லிய மின்வாய்களைப் பொருத்தி, காதில் சிறு 'டிக்' ஒலிகளைச் செலுத்தி, மூளைத்தண்டில் எழும் மைக்ரோவோல்ட் துடிப்புகளைப் பதிவு செய்தால் ஒவ்வொரு காதின் நிலையும் தெரிந்துவிடும்.

தடுக்கும் வழி அதைவிட எளிது. புள்ளி நாயைப் புள்ளியில்லா நாயோடு சேர்த்தால் புபு குட்டியே பிறக்காது. பாதிக் குட்டிகள் புள்ளியோடும் இருக்கும். ஒரே ஒரு சிக்கல்: அந்த நுழைந்த துண்டின் வால் நீளம் நாய்க்கு நாய் மாறும். வால் மிகக் குட்டையானால் புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கண்ணை நம்பாமல் டி.என்.ஏ. சோதனை செய்வது நல்லது. இவ்வளவு தெரிந்த பின்னும், வண்ணத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று புள்ளியோடு புள்ளியைச் சேர்த்து, பிறந்த செவிட்டுக் குட்டிகளைக் கொன்றுவிடுவோர் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாய்களால் பன்றி குறையுமா?

பன்றி ஆறேழு மாதத்தில் பருவமடைந்து, ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். ஆண்டுக்கு இரண்டு ஈற்றும் உண்டு. எண்ணிக்கை பெருகாமல் நிறுத்தவே ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அகற்றவேண்டும். நாய் வேட்டையில் ஓர் இரவுக்கு ஒன்றிரண்டு கிடைக்கும். மற்றவை சிதறி அடுத்த பண்ணைக்குப் போகும். வேட்டை ஆசையால் பன்றிகளை வண்டியில் ஏற்றிப் புதிய இடங்களில் விட்டவர்களே அவற்றைப் பல மாநிலங்களுக்குப் பரப்பினார்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. பட்டியில் அடைத்த பன்றியின்மேல் நாயை ஏவிக் காசு பார்க்கும் கொடுமையும் நடந்தது. லூசியானா அதை 2004இல் சட்டத்தால் தடுத்தது.

நாய்க்கும் ஆபத்து பல்லோடு முடிவதில்லை. காட்டுப்பன்றிகளிடம் ஆஜெஸ்கி நோய் என்னும் வைரஸ் நோய் இருக்கிறது. பண்ணைப் பன்றிகளிலிருந்து அமெரிக்கா அதை 2004இல் ஒழித்துவிட்டது, காட்டுப்பன்றிகளில் ஒழியவில்லை. வளர்ந்த பன்றி அதைத் தாங்கிக்கொள்ளும். நாய்க்குத் தொற்றினால் தாங்க முடியாத அரிப்பு உண்டாகி இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். நாய்களுக்கென அங்கே தடுப்பூசியும் இல்லை.

ஆகவே 2014இல் அமெரிக்க வேளாண்மைத் துறை தொடங்கிய பன்றிக் கட்டுப்பாட்டுத் திட்டம் முதன்மையாக நம்புவது, முழுக் கூட்டத்தையும் ஒருசேர அடைக்கும் பெரிய பொறிகளையும் வானிலிருந்து சுடுவதையுமே. தொலைவிலிருந்து கேமரா வழியே பார்த்து, கடைசிக் குட்டியும் உள்ளே வந்தபின் கதவை விழச் செய்கிறார்கள். பொறியைக் கண்டு மிரண்டு உள்ளே வராத ஓரிரு கிழட்டுப் பன்றிகள் எப்போதும் மிஞ்சும். அவற்றைத் தேடிப் பிடிக்கத்தான் கர் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள்.