பையில் வந்த மண்ணும் சாய்ந்த நாற்றுகளும்

கார்த்திகை தீபத்திற்கு முந்தைய வாரங்களில் திருவண்ணாமலையில் மழை விட்டும் விடாமலும் பெய்யும். மலையுச்சி பகலெல்லாம் மேகத்துள் மறைந்திருக்கும். அத்தகைய ஒரு காலையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், நாற்றுக் குழித்தட்டு ஒன்றை இரு கைகளிலும் ஏந்தியவராய்ப் பங்கு இல்லத்திற்கு வந்தார். 98 குழிகள் கொண்ட தட்டு; நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்றுகள் இருபதுகூட இல்லை. மற்றவை இலை வாடாமலே சாய்ந்து கிடந்தன. தண்டு, மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து நீர்கோத்திருந்தது.

“விதைக்காரன் ஏமாத்திட்டான் சாமி. நாப்பது தட்டும் இப்படித்தான் கெடக்குது. முன்பணம் கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். வீட்டின் பின்புறம் நிழல்வலை கட்டி, மகளிர் குழுவில் கடன் பெற்று, தக்காளியும் மிளகாயும் நாற்றுவிட்டு விற்பவர் அவர்.

விதையின்மீது பழி போடுவதற்கில்லை என்பது அவர் வீட்டிற்குச் சென்றதும் தெரிந்தது. அதே பொட்டலத்தில் மிஞ்சிய விதையைச் செம்மண்ணும் பழைய தொழுவுரமும் நிரம்பிய ஓர் உடைந்த பானையில் அவர் தூவியிருந்தார். அங்கே நாற்றுகள் செழிப்பாக நின்றன. வேறுபாடு மண்ணில் இருந்தது. தட்டுகளில் இருந்ததோ கடையில் வாங்கிய பைக்கலவை. பையின் மேல் அழகிய மலர்களின் படம் இருந்தது. தயாரித்த நாளோ, மக்கவைத்த விதமோ, உப்பின் அளவோ எங்கும் அச்சாகவில்லை.

இந்நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். பெரும்பாலும் பித்தியம் என்னும் நீர்ப்பூஞ்சையால் வருவது. அதன் வித்துகள் நீரில் நீந்திச் செல்ல வல்லவை. ஆகவே ஈரம் வடியாத இடமும், நெருக்கமான நாற்றும், வெயில் காணாத வானமும் கூடிவிட்டால் இரண்டு மூன்று இரவுகளில் ஒரு தட்டையே சாய்த்துவிடும். சாய்ந்த நாற்றைப் பிழைக்க வைக்க மருந்தில்லை.

அப்பைகளில் இருப்பது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு; கடையில் ‘கோகோபீட்’ என்கிறார்கள். பீட் என்பது ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் பாசி பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதைத் தோண்டினால், அது அடைகாத்து வைத்திருக்கும் கரி காற்றில் கலந்துவிடும். இதை எண்ணியே வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்பதை நிறுத்தப்போவதாகப் பிரிட்டிஷ் அரசு 2022-இல் அறிவித்தது. மாற்றாக அவர்கள் நாடும் பொருள்களுள் ஒன்று பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் குவியும் இக்கழிவுதான். ஒரு பை நன்றாயிருந்தால் மறு பை நன்றாயிராது என்ற முறையீட்டை அங்குள்ள தோட்டக்காரர்களும் சொல்கிறார்கள். நமக்கு அது ஓர் ஆறுதல் என்று கொள்ளலாமோ என்னவோ!

நார்க்கழிவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைத் தாங்கவல்ல பொருள் அது. ஆனால் பச்சையாக இருக்கும்போது அதில் கரிச்சத்து தழைச்சத்தைப்போல் 112 மடங்கு. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தைத் தாமே உண்டுவிடும்; நாற்று வெளுத்து நலியும். சோடியம், பொட்டாசியம் உப்புகளைக் கழுவி நீக்காவிடில் இளவேர் கருகும். நலிந்த வேரையே பூஞ்சை தேடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும் முறையில், ஒரு டன் கழிவுக்குச் சிப்பிக்காளான் வித்து ஐந்து புட்டியும் யூரியா ஐந்து கிலோவும் மாறிமாறி அடுக்குகளாகத் தூவி, ஈரம் காயாமல் காத்தால், அந்த 112 ஏறத்தாழ 24-ஆகக் குறையும். அதற்கு ஒரு மாதமாவது வேண்டும். அந்த ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கும் வியாபாரியின் சரக்கே நம்மவர் கைக்கு வந்ததென்று நினைக்கிறேன். செங்கபில நிறமும் பச்சை நாரின் வாசனையும் அதையே காட்டின.

ஆயினும் முழுப் பழியும் பையினுடையதன்று. பழைய தட்டுகளை அலசிய அதே சிமெண்டுத் தொட்டியிலிருந்துதான் அவர் நாற்றுக்கும் நீர் தெளித்திருந்தார். சென்ற பருவத்து நோய் அவ்வழியே வந்திருக்கலாம். இதை நான் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

மறுமுறை, மீதமிருந்த பைகளைக் கோணியில் கொட்டி, நல்ல நீரில் மும்முறை அலசி வடித்தோம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. விரலில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். நன்கு மக்கிய மண்புழு உரத்தைக் கலந்தோம். முதலில் ஒரு தட்டில் மட்டும் கடுகு விதைத்துப் பார்க்கச் சொன்னேன். கடுகு நான்கைந்து நாளில் முளைத்து உண்மையைச் சொல்லிவிடும். விலையுயர்ந்த விதையை இழக்க வேண்டியதில்லை. தக்காளி விதையுடன் கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தோம். அதுவும் ஒரு பூஞ்சைதான், பித்தியத்தை எதிர்த்து நிற்பது. உயிருள்ள பொருளாதலால் பொட்டலத்தில் காலாவதி நாளைப் பார்த்து வாங்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி மருந்துடன் சேர்த்துக் கலந்தால் செத்துவிடும். நம் மாவட்டத்து நிலக்கடலை விவசாயிகள் வேரழுகலுக்கு எதிராக விதையில் கலப்பதும் இதையே. தட்டுகளை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவினோம். தொட்டி நீரைத் தொடவில்லை. காலையில் மட்டுமே நீர் தெளித்தோம்.

அந்த நாற்பது தட்டுகளில் மூன்றில் மட்டும் சில நாற்றுகள் சாய்ந்தன. அவற்றை உடனே தனியே எடுத்து வைத்தார். முன்பணம் கொடுத்தவர்களுள் இருவர் காத்திருந்து வாங்கிச் சென்றனர். மற்றவர்கள் அதற்குள் வேறிடத்தில் வாங்கி நட்டுவிட்டார்கள். அவர்களுடைய பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்து வருகிறார்.