கேட்பாரற்றிருந்த ஓர் இசைத்தட்டு

ஒரு கலைப்படைப்பு மறக்கப்படுவதற்கு அது தரத்தில் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனை எந்த வரிசையில் வைப்பது என்று அறியாமல் மக்கள் மயங்கினாலே போதும். இவ்வுண்மைக்குச் சான்றாக, 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டிரைவ்ஸ்' என்னும் இசைத்தட்டின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம். அதனை உருவாக்கியவர் லானி ஸ்மித் என்னும் ஜாஸ் ஆர்கன் கலைஞர்.

முதலில் அவருடைய கருவியைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். ஆர்கன் என்றதும் மாதா கோயிலில் காற்றுக்குழல்களால் முழங்கும் பெருங்கருவியே நம் நினைவுக்கு வரும். லாரன்ஸ் ஹாமண்ட் என்னும் பொறியியலறிஞர் 1935-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஆர்கனிலோ காற்றுக்கு வேலையில்லை. அதனுள்ளே பல்வெட்டிய உலோகச் சக்கரங்களை மின் மோட்டார் ஒன்று சுழற்றுகிறது. ஒவ்வொரு சக்கரமும் ஒரு காந்தத்தின் முன் சுழலுங்கால், அக்காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. அது பெருக்கப்பட்டு ஒலியாக வெளிவருகிறது. பின்னாளில் புகழ்பெற்ற 'பி-3' என்னும் வகையில் இத்தகைய சக்கரங்கள் 91 உண்டு. விசைப்பலகைகளுக்கு மேலுள்ள இழுகட்டைகளை நகர்த்தி, வாசிப்பவர் தாம் விரும்பியவாறு ஒலியின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். சுழலும் ஒலிபெருக்கியொன்றை இதனுடன் இணைத்துவிட்டாலோ, நாதம் அலையலையாக அசைந்து வரும்.

குழல் ஆர்கன் வாங்கும் வசதியற்ற சிறு தேவாலயங்கள் இக்கருவியை வரவேற்றன. நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் வழங்கப்பட்ட கறுப்பின அமெரிக்கரின் வழிபாட்டில் இது சிறப்பிடம் பெற்றது. அங்கிருந்து இரவு விடுதிகளுக்கும் பரவியது. அங்கே இதற்கு வேறொரு சிறப்பும் வாய்த்தது. ஆர்கன் வாசிப்பவர் தம் இடக்கையாலும் கால்மிதிகளாலும் அடித்தள சுரங்களையும் தாமே வாசித்துவிடுவார். தனியே பாஸ் வாசிப்பவர் வேண்டியதில்லை. மூன்று நான்கு பேரே ஒரு கூடத்தை நிறைத்துவிடலாம்.

லானி ஸ்மித் 1942-இல் நியூயார்க் மாநிலத்து லாக்கவானா என்னும் எஃகாலை நகரில் பிறந்தவர். இளமையில் கையில் கருவி ஏதுமின்றி, அருகிலுள்ள பஃபலோ நகரின் இசைக்கருவிக் கடையொன்றில் நாள்தோறும் கடை மூடும்வரை அமர்ந்திருப்பாராம். காரணம் கேட்ட கடைக்காரரிடம், ஒரு கருவி இருந்தால் உழைத்துப் பிழைப்பேன் என்றார் இளைஞர். கடைக்காரர் அவரை அழைத்துச்சென்று ஒரு ஹாமண்ட் ஆர்கனைக் காட்டி, இதை இங்கிருந்து தூக்கிச்செல்ல முடியுமானால் உனக்கே உரியது என்று கூறிவிட்டார். ஏறத்தாழ 180 கிலோ எடையுள்ள பொருள் அது! ஸ்மித் அதனைக் கொண்டுசென்றார்; ஆசிரியரின்றிச் செவியறிவாலேயே கற்றார். சில ஆண்டுகளுக்குள் ஜார்ஜ் பென்சன், லூ டொனால்ட்சன் முதலிய பெருங்கலைஞர்களுடன் வாசிக்கும் நிலையை எய்தினார்.

1970 ஜனவரி 2-ஆம் நாள், நியூஜெர்சி மாநிலத்தில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவு நிலையத்தில், 'புளூ நோட்' நிறுவனத்துக்காக 'டிரைவ்ஸ்' பதிவாயிற்று. டேவ் ஹப்பர்டும் ரானி கூபரும் சாக்ஸபோன். லாரி மெக்கீ கித்தார். ஜோ டூக்ஸ் டிரம்ஸ். உருப்படிகள் ஐந்தே. எட்வின் ஸ்டார் பாடிய 'ட்வென்டி-ஃபைவ் மைல்ஸ்', 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' குழுவினர் 1969-இல் நாடெங்கும் பரப்பிய 'ஸ்பின்னிங் வீல்' ஆகிய மக்கள் பாடல்களும் அவற்றுள் உண்டு. மைல்ஸ் டேவிஸின் 'செவன் ஸ்டெப்ஸ் டு ஹெவன்' என்னும் ஜாஸ் உருப்படியும் உண்டு.

தேவாலயப் பாட்டின் உருக்கத்தை உலகியல் பாடலில் ஏற்றுவது 'சோல்' இசை. தாள ஆவர்த்தத்தின் முதல் அடியில் அழுத்தம் கொடுத்து, மற்ற அடிகளை அதனைச் சுற்றிப் பின்னுவது 'ஃபங்க்' இசை. இவ்விரண்டையும் ஜாஸின் கற்பனையோடு கலந்தார் ஸ்மித். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பழகிய வேலையாகவே தோன்றுகிறது. பிறர் பாடலைத் தம் மொழியில் மீண்டும் சொல்கிறார். சொற்களை விட்டுவிட்டு உயிரை மட்டும் கொண்டுவருகிறார்.

ஆனால் இக்கலப்பே இசைத்தட்டுக்குக் குறையாயிற்று. ஜாஸ் விமரிசகர் பலர் இத்தகைய இசையை வாணிகத்துக்கான ஆட்ட இசையென ஒதுக்கினர். ஆட்ட இசையை நாடிய இளைஞரோ ஜாஸ் தட்டுகளின் வரிசையை எட்டிப்பார்ப்பதில்லை. ஸ்மித் அதே ஆண்டு டெட்ராய்ட் நகர விடுதியில் வாசித்ததன் ஒலிப்பதிவு 1995 வரையில் வெளியிடப்படாமலே கிடந்தது என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். 1970-களின் நடுவில் ஹாமண்ட் நிறுவனமே சக்கர ஆர்கன்களைச் செய்வதை நிறுத்திவிட்டது.

பழைய இசைத்தட்டின் ஒரு துணுக்கை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதன்மேல் சந்தச் சொற்களை அடுக்கும் 'ஹிப்-ஹாப்' இளைஞர்கள் பின்னர்த் தோன்றினர். நியூயார்க்கின் 'எ டிரைப் கால்டு குவெஸ்ட்' குழுவினர் 1990-இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள 'கேன் ஐ கிக் இட்?' என்னும் பாடலில், 'ஸ்பின்னிங் வீல்' உருப்படியின் டிரம் ஒலியை எடுத்தாண்டனர். 'டிரைவ்ஸ்' என்ற பெயரையே கேட்டிராத இலட்சக்கணக்கானோர், அதன் தாளத்துக்குத் தலையசைத்தனர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தாளம் ஜோ டூக்ஸின் கைவண்ணம். மெட்டுக்கும் சாகித்தியத்துக்கும் உரிமைப்பணம் உண்டு. பதிவின் உரிமை நிறுவனத்தைச் சேரும். தாளம் போட்டவருக்கோ பொதுவாக ஆசிரிய உரிமை கிடைப்பதில்லை. உலகறிந்த பாடல்களுள் ஒன்றை அவர் கைகள் நடத்திச்செல்கின்றன. அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

ஸ்மித் தம் வாழ்நாளிலேயே ஓரளவு பெருமை கண்டார். தலைப்பாகையணிந்து 'டாக்டர்' என்ற பட்டப்பெயருடன் விளங்கிய அவர், 2016-இல் மீண்டும் புளூ நோட் நிறுவனத்தின் சார்பில் இசைத்தட்டு வெளியிட்டார். 2017-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவரை ஜாஸ் மேதையெனச் சிறப்பித்தது. 2021-இல் மறைந்தார்.

இசை கேட்கும் நமக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. ஒரு தட்டு எந்த வரிசையில் உள்ளது என்பதை வைத்து அதனை மதிப்பிடாமல், காதால் கேட்டு மதிப்பிட வேண்டும். கேட்டு மகிழ்ந்தபின், உறையின் பின்புறத்தைத் திருப்பி, சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் ஒருமுறை வாசிப்போமாக.